மருத்துவப் பெரியார் தேரையர்

உடல் நலமே செல்வங்களுள் தலையாய செல்வம் என்பதை அதனை இழந்தோரே நன்கு உணர்வர். அறுசுவை உண்டி முன்னே இருப்பினும் உண்ண மனமின்றி, மெத்தை விரித்திருப்பினும் உறங்க வழியின்றி, காலின் பெருவிரல் ஒன்றில் தோன்றிய வலியால் இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவரை நோக்கின் இவ்வுண்மை எளிதிற் புலனாகும். இத்தகைய துன்பத்தைத் துடைக்கும் பொருட்டுத் தம் வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவர் பலர் தமிழகத்தில் தோன்றினர். அவருள் தென்காசிச் சீமையோடு பிரிக்கவொண்ணாத தொடர்புடையவராகப் போற்றப்படுபவர் தேரையர். அவர் வரலாற்றையும், மூட்டு நோயைப்பற்றி அவர் மரபினர் கொண்ட கருத்தையும், அந்நோய்க்கு இக்கால மருத்துவம் கண்ட காரணத்தையும் ஒருங்கே வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது தென்காசி. 1446-ஆம் ஆண்டில் பராக்கிரம பாண்டியன் தொடங்கிய உலகம்மன் உடனுறை விசுவநாதர் கோயில் அந்நகருக்குப் புகழ் தந்தது. அதனை அடுத்துள்ள குற்றாலமோ அருவிகளாலும் மூலிகைகளாலும் பெயர் பெற்றது. தென்காசியினின்று கடையம் நோக்கிச் செல்லும் வழியில், யானை படுத்திருப்பது போன்ற தோற்றத்தோடு ஒரு குன்று நிற்கும். வாரணமலை என்னும் பெயரே தோரணமலை என மருவிற்று என்பர். பாரதியார் 1918 முதல் 1920 வரை தங்கியிருந்த கடையம் இதற்கு அண்மையிலேயே உள்ளது. தோரணமலையில் அகத்தியர் மருத்துவம் பயிற்றினர் என்றும், அவர்தம் மாணாக்கருள் முதல்வராய் விளங்கியவர் தேரையர் என்றும் அப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். குன்றின் மேல் முருகன் குகைக் கோயிலும், பாறையிடையே பல சுனைகளும் உள்ளன.

தேரையர் வாழ்ந்த காலத்தை உறுதி செய்தற்குரிய கல்வெட்டோ செப்பேடோ கிடைத்திலது. அவர் பெயரால் வழங்கும் நூல்களின் நடையும் ஒருதன்மையதன்று. அப்பெயருடையார் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்திருத்தல் கூடும் என அறிஞர் கருதுவதற்கு அதுவே காரணம். ஆதலின் ஈண்டு யாம் கூறப்புகும் வாழ்க்கை நிகழ்ச்சிகள் செவிவழிச் செய்திகளே என்பதனை முதற்கண் சொல்லிவிடுதல் கடமையாகும். செவிவழிச் செய்தி என்பதனால் அவற்றை இகழ்ந்து ஒதுக்குதலும் தகாது. அப்படியே வரலாறெனக் கொள்ளுதலும் தகாது. மக்கள் ஒரு மருத்துவனிடம் எக்குணங்களை எதிர்பார்த்தனர் என்பதை அவை தெளிவுற அறிவிக்கின்றன.

தேரையர் இளமையில் வாய் பேசாச் சிறுவராய் இருந்தார் என்றும், அகத்தியரிடம் ஏவல் செய்யும் பிள்ளையாக வந்து சேர்ந்தார் என்றும் கதை கூறும். அந்நாளில் காசிவர்மன் என்னும் அரசன் பொறுக்கலாற்றாத தலைவலியால் வருந்தினன். மருத்துவர் பலரும் கைவிட்ட பின்னர் அவன் அகத்தியரை அடைந்தான். அவர் அவனை மயக்கி மண்டையோட்டைத் திறந்து நோக்க, மூளையின் மேல் தேரை ஒன்று பற்றியிருக்கக் கண்டார். உறங்குங்கால் மூக்கின் வழியே புகுந்த சிறு தேரை உள்ளே வளர்ந்தது என்பது கதை. குறட்டால் பற்றி இழுப்பின் மூளை சிதையும். விடுத்தாலோ அரசன் உயிர் பிழையான். ஆசிரியர் செய்வதறியாது நின்றபோது அருகிருந்த சிறுவர் வாயகன்ற பாண்டம் ஒன்றில் நீர் கொணர்ந்து அரசன் தலையருகே வைத்துக் கையால் அலைத்தார். நீரின் ஒலி கேட்ட தேரை தானே துள்ளி அதனுட் குதித்தது. அகத்தியர் சந்தானகரணி என்னும் மூலிகையால் புண்ணை மூடினர். அன்று முதல் அச்சிறுவருக்குத் தேரையர் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

மண்டையோட்டினுள் தேரை உயிர்வாழ ஒல்லாது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் இக்கதையின் உட்பொருள் பொய்யன்று. வலிந்து இழுத்தால் கெடுவது, அதன் இயல்பறிந்து வழிகாட்டினால் தானே விலகும் என்பதே அது. கருவியும் கைவலியும் உதவாத இடத்தில் கூர்ந்த நோக்கு உதவிற்று. ஆசிரியர் அறியாததை ஏவலாள் அறிந்தான் என்று சொல்ல நம் முன்னோர் நாணவில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இரண்டாவது நிகழ்ச்சி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இன்னும் அணித்தானது. கூனுற்ற பாண்டிய மன்னன் ஒருவனுக்கு மருந்து காய்ச்சத் தொடங்கிய அகத்தியர், வேறு காரியத்தின் பொருட்டுச் செல்ல நேர்ந்தமையால், அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தேரையரிடம் விட்டுச் சென்றனர். மருந்து கொதித்தது, அதன் ஆவி மேலெழுந்து கூரையில் வளைந்து கிடந்த மூங்கிலின் மேற் பட்டது. வளைந்த மூங்கில் சிறிது சிறிதாக நிமிர்வதைத் தேரையர் கண்டார். வளைந்ததை நிமிர்த்தும் வன்மை மருந்துக்கு வந்துவிட்டது, இனி ஒரு நாழிகை காய்ச்சினும் பதம் கெடும் என்று துணிந்து பாண்டத்தை இறக்கி வைத்தார். மீண்டு வந்த ஆசிரியர் நடந்ததைக் கேட்டு மகிழ்ந்து அம்மருந்தையே அரசனுக்கு இட, அவன் கூன் நிமிர்ந்தது என்பர். மருந்து இன்னதென்று அறிதல் போதாது. அதன் பதமும் அளவும் வேளையும் அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை இதனினும் அழகாக எவரே கூறவல்லார்!

ஆசிரியரிடம் கற்பன கற்ற பின் தேரையர் அவரைப் பிரிந்து தனித்திருந்து பலருக்கும் மருத்துவம் செய்தனர் என்றும், பிற்காலத்தில் அகத்தியருக்குக் கண்ணொளி மங்கியபோது அதனைத் தீர்த்தவர் இம்மாணாக்கரே என்றும் ஒரு சாரார் கூறுவர். அவர் அடங்கிய இடம் தோரணமலையே என்பது தென்காசிப் பகுதியார் நம்பிக்கை. மலையாள நாட்டில் என்பாரும் உளர்.

இனி அவர் பெயரால் நின்று நிலவும் நூல்களை நோக்குவோம். தேரையர் யமக வெண்பா, தேரையர் கரிசல், தைலவருக்கச் சுருக்கம், மருத்துவ பாரதம், நீர்க்குறி நெய்க்குறி நூல், நோயணுகா விதி முதலியன அவற்றுட் சில. உணவுப் பொருள்களின் குணங்களைத் தொகுத்துக் கூறும் பதார்த்த குண சிந்தாமணியையும் அவருடையதாகக் கூறுவதுண்டு. தமிழ் பயிலும் நமக்கு இவற்றுள் வியப்பளிப்பது யாதெனின், கடுமையான மருந்துச் செய்தியும் யமகமென்னும் சொல்லணிக்குள் அடக்கப்பட்டிருத்தலே. ஏட்டைச் செல்லரிப்பினும் நாவில் நிற்கவேண்டும் என்பது ஒரு நோக்கம். தகுதியில்லார் கையில் மருந்து சேர்தல் கூடாது என்பது மற்றொரு நோக்கம். முன்னது நன்மையே பயந்தது. பின்னதோ இருபுறமும் கூருடைய வாளாயிற்று. மறைபொருளைத் திறக்கும் ஆசிரியர் அருகியபின், நூல் இருந்தும் பொருள் விளங்காத நிலை சில இடங்களில் நேர்ந்தது.

அவர் நூல்களுள் நோயறியும் முறைக்குத் தனிச் சிறப்பு உண்டு. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்னும் எட்டினையும் தேர்ந்தே நோயைத் துணிதல் சித்த மருத்துவ மரபு. இவற்றுள் சிறுநீரைத் தேரையர் விரிவாக ஆராய்கின்றனர். முன்னாள் அளவோடு உண்ட ஒருவர் மறுநாள் வைகறையில் விடும் நீரைக் கலத்தில் ஏந்தி, அதன் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தினையும் நோக்குதல் நீர்க்குறியாகும். அந்நீரை அசையாது வெயிலில் வைத்து, அதன்மேல் நல்லெண்ணெய்த் துளி ஒன்றை விட்டு, அது பரவும் வடிவை நோக்குதல் நெய்க்குறியாகும். துளி பாம்புபோல் நீளின் வளியும், ஆழிபோல் வட்டமாயின் அழலும், முத்துப்போல் நிற்பின் ஐயமும் மிகுந்தன என்பது அவர் கொள்கை.

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பின் நலமும், மிகினும் குறையினும் நோயும் உண்டாம் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. மூட்டுக்களில் தோன்றும் வீக்கமும் வலியும் வளியின் கேட்டால் வருவன என வகுத்து அவற்றைக் கீல்வாயு என்று அந்நூலோர் பெயரிட்டனர். கீல் என்பது மூட்டு. பொருந்தா உணவு, மிகையுண்டி, மது, உறக்கக் கேடு, குளிர்ந்த காற்று, பெற்றோர்வழி வரும் இயல்பு முதலியவற்றை அதற்குக் காரணமாகக் கூறுவர். கீல்வாயு என்னும் பெரும்பெயருள் இக்காலத்தார் பிரித்தறியும் பல நோய்கள் அடங்கும். அவற்றுள் ஒன்றே கௌட் என்பது. இன்று சிற்றூர் மக்களும் அதனை யூரிக் ஆசிட் வலி என்று சொல்லப் பழகிவிட்டனர்.

அந்நோயின் காரணத்தை அறிய உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. கிரேக்க நாட்டு இப்பொக்கிரேட்டசு வழிவந்த நூல்கள், மகளிர்க்கு மாதவிடாய் நிற்குமுன் இந்நோய் வருவதில்லை என்று குறித்தன. இங்கிலாந்தில் தாமசு சிடன்ஆம் என்னும் மருத்துவர் தாமே முப்பதாண்டுகளுக்கு மேல் அந்நோயால் வருந்தி, 1683-இல் அதன் போக்கை நுணுக்கமாக எழுதினர். அவரும் செரிமானக் குறையே காரணமென்று கருதினர். 1776-இல் சீலே என்பவர் சிறுநீர்க் கல்லினின்று யூரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1797-இல் உவாலசுட்டன் என்பவர் மூட்டினருகே திரளும் வெண்கட்டியில் அவ்வமிலத்தின் உப்பைக் கண்டார். 1848-இல் ஆல்பிரெட்டு கேரட்டு என்பவர் நோயாளியின் குருதியிலேயே அது மிகுந்திருத்தலைக் காட்டினர். 1961-இல் மக்கார்ட்டி, ஆலந்தர் என்னும் இருவர் வீங்கிய மூட்டின் நீரில் ஊசிபோன்ற உப்புப் படிகங்களை நுண்ணோக்கியாற் கண்டு ஐயத்தை நீக்கினர்.

இவற்றால் நாம் அறிவது இதுவாகும். நம் உடலின் அணுக்கள் தேய்ந்தழியுங்காலும், உண்ட உணவு சிதையுங்காலும் பியூரின் என்னும் பொருள் யூரிக் அமிலமாக மாறுகின்றது. பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் அதனை மேலும் சிதைக்கவல்ல நொதி ஒன்று உண்டு. மனிதர்க்கு அஃது இல்லை. ஆகவே அமிலத்தின் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவும் எஞ்சியது குடலின் வழியாகவும் வெளியேற வேண்டும். வெளியேற்றம் குறையின், அல்லது ஆக்கம் மிகின், குருதியில் அது பெருகும். நூறு மில்லிலிட்டர் குருதிநீரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமுக்கு மேற்படின் அது கரைந்து நிற்கமாட்டாது. உப்பாகப் படியத் தொடங்கும். குளிர்ந்த இடத்தில் உப்பு விரைந்து படியுமாதலின், இதயத்துக்குச் சேய்மையிலுள்ள கால் பெருவிரல் மூட்டே பெரும்பாலும் முதலிற் பற்றப்படுகின்றது.

நோயின் வளர்ச்சியை நான்கு நிலைகளாகக் கூறலாம். முதல்நிலையில் அமிலம் மிகுந்திருப்பினும் ஆண்டுக்கணக்கில் துன்பம் தோன்றாது. இந்நிலையில் உள்ளோர் பலருக்கு நோய் வாராமலே போதலும் உண்டு. இரண்டாம் நிலையில், பெரும்பாலும் நள்ளிரவில், திடீரென மூட்டு சிவந்து வீங்கிக் கொதிக்கும். படிகங்களைப் பகையெனக் கருதி வெள்ளையணுக்கள் போர்தொடுத்தலே அதன் காரணம். போர்வை படினும் பொறுக்க இயலாது. ஓரிரு வாரங்களில் அது தானே அடங்கும். மூன்றாம் நிலை அமைதிக்காலம். நோயாளி நலமடைந்ததாகவே எண்ணி மருந்தை மறப்பர்; உள்ளேயோ உப்பு படிந்துகொண்டே இருக்கும். நான்காம் நிலையில் விரல், முழங்கை, காதுமடல் முதலிய இடங்களில் வெண்கட்டிகள் திரண்டு, எலும்பு அரிக்கப்பட்டு, மூட்டு கோணும்; சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். இவற்றுள் மூன்றாம் நிலையே மிகவும் வஞ்சகமானது என யாம் கருதுகின்றோம். வலியில்லாமையை நலமென்று மயங்கும் மனிதவியல்பு அங்கேதான் தோற்றுப்போகின்றது.

காரணங்களுள் பெற்றோர்வழி இயல்பும் சிறுநீரகத்தின் வன்மைக்குறைவும் முதன்மையானவை. உடற்பருமன், உயர்ந்த இரத்த அழுத்தம், நீர் பிரிக்கும் சில மருந்துகள், மது, ஈரல் போன்ற உறுப்பிறைச்சி, மத்தி, நெத்திலி முதலிய மீன்கள், இனிப்பூட்டிய பானங்கள் என்பன அதனைத் தூண்டும். முற்காலத்தில் அரசர் நோய் எனப்பட்ட இஃது, உணவும் பழக்கமும் மாறியமையால், இன்று எளியோர் இல்லத்தும் புகுந்துவிட்டது. பெருந்தீனியால் மட்டுமே இந்நோய் வரும் என எண்ணி நோயாளியை ஏளனம் செய்வாரும் உளர். அளவோடு உண்பாரையும் குடிவழியாக அது பற்றும் ஆதலின், அவ்வேளனம் அறியாமையும் கொடுமையுமாம்.

இந்நிலையில் தேரையரின் நோயணுகா விதியை எடுத்து நோக்கின், பொருந்துவனவும் உள, பொருந்தாதனவும் உள. நாளுக்கு இருமுறையே உண்ணல், பசித்தபின் உண்ணல், நீரைக் காய்ச்சிப் பருகல், மோரைப் பெருக்கியும் நெய்யை உருக்கியும் கொள்ளல், முன்னாட் சமைத்ததை அமுதேயாயினும் ஒதுக்கல், உண்டபின் சிறிது உலாவல், மலசலத்தை அடக்காமை என்பன அவ்விதியுள் அடங்கும். அளவே மருந்து என்னும் இக்கொள்கை பருமனைத் தடுப்பது. ஆகவே இந்நோய்க்கும் நலம் செய்வது. ஆனால் ஆறு திங்கட்கு ஒருமுறை வாந்திக்கும் நான்கு திங்கட்கு ஒருமுறை பேதிக்கும் மருந்துண்ணும் முறையை, யூரிக் அமிலம் மிகுந்தவர் மருத்துவரைக் கேளாமற் கைக்கொள்ளல் கூடாது. உடல்நீர் வற்றுவதே இந்நோயின் தாக்குதலை எழுப்பும் காரணங்களுள் ஒன்றாகும். தேரையர் படிகத்தை அறிந்திருந்தார் என்றோ, நெய்க்குறியில் யூரிக் அமிலம் புலப்படும் என்றோ கூறுதல் அவருக்குப் புகழ் சேர்ப்பதன்று. நோயின் சுவடு சிறுநீரில் இருக்கும் என்று தேடிய அவர் நோக்கமே போற்றத்தக்கது. தேடும் கருவி பிற்காலத்தில் வளர்ந்தது.

முன்னாளில் சாரற் காலத்தில் குற்றாலம் சென்றோர், மூட்டு வலியுடைய முதியோர் பலர் உடலெங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியிலும் ஐந்தருவியிலும் நிற்பதைக் கண்டனர். நீண்டநாட் பிடிப்பும் தசைநோவும் அதனால் நெகிழ்ந்து இன்பம் தருதல் உண்மையே. எனினும், சிவந்து கொதிக்கும் கௌட் மூட்டைப் பிசைந்து தேய்த்தல் எரியும் தீயில் நெய் வார்த்தலை ஒக்கும். அம்மூட்டுக்கு வேண்டுவன ஓய்வும் குளிர்ந்த ஒற்றடமும் மருத்துவர் தரும் மருந்துமே. தேரையை இழுக்காது நீரைக் காட்டிய சிறுவரை ஈண்டு நினைவுகூர்தல் நன்று.

இன்னுமொரு செய்தி தமிழ் பயில்வார்க்குப் பெரிதும் இனிக்கும். குறிஞ்சி நிலத்துக்குரியதாய், முருகனுக்கு உகந்ததாய், மகளிர் விரலுக்கு உவமையாய்ச் சங்கப் புலவர் பாடிய செங்காந்தளை நாம் அறிவோம். அதன் கிழங்கே கலப்பைக் கிழங்கு எனவும், கண்வலிக் கிழங்கு எனவும் வழங்குகின்றது. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. கௌட் வலியைத் தணிக்க உலகெங்கும் மருத்துவர் வழங்கும் கோல்சிசின் என்னும் மருந்துப்பொருள் இச்செடியில் உண்டு. அதனை 1820-இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இதன் இனத்தைச் சார்ந்த மேனாட்டுச் செடி ஒன்றினின்று முதலிற் பிரித்தெடுத்தனர். இன்று தமிழகத்து உழவர் காந்தளை அதன் விதைக்காகவே பயிரிட்டு வெளிநாடுகளுக்கு விற்கின்றனர். ஆனால் மாத்திரை ஒன்றில் உள்ள அளவு ஏறத்தாழ அரை மில்லிகிராம் மட்டுமே. கிழங்கை அப்படியே உண்டு உயிர் நீத்தோர் பலர். ஆதலின் காந்தள் நோய் தீர்க்கும் எனக் கேட்டு அதனைத் தோண்டி உண்ணல் தற்கொலைக்கு ஒப்பாகும். மூங்கில் நிமிர்ந்த கணத்தில் மருந்தை இறக்கியவர் உணர்த்திய அளவும் பதமும் இங்கே உயிரைக் காப்பனவாகின்றன.

இந்நோய் அஞ்சித் தளர்தற்குரியதன்று. செர்த்துரூடு எலியன், சியார்ச்சு இட்சிங்சு என்பார் கண்ட அல்லோபியூரினால் என்னும் மருந்து 1960-களில் வழக்கிற்கு வந்தபின், யூரிக் அமிலத்தை அளவில் நிறுத்திப் படிந்த உப்பையும் காலப்போக்கிற் கரைத்தல் கைகூடிற்று. அவ்விருவரும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோருள் ஆவர். வலியடங்கிய அமைதிக்காலத்திலும் மருத்துவர் சொற்படி மருந்தை விடாது உண்ணல் ஒன்றே நோயாளியின் கடமை.

தேரையர் ஒருவரா பலரா, எந்நூற்றாண்டினர் என்னும் வினாக்கள் ஆராய்ச்சியாளர்க்கு உரியன. அவர் பெயரைச் சுற்றி மக்கள் வளர்த்த கதைகளோ நம் எல்லோருக்கும் உரியன. கூர்ந்து நோக்கல், வலியாது செய்தல், அளவறிதல், தக்க கணத்தில் துணிதல் என்னும் நான்கு குணங்களையே அக்கதைகள் திரும்பத் திரும்பப் போற்றுகின்றன. பழைய நூல் சொல்லிற்று என்பதனால் ஒன்றை ஏற்றலும், பழையது என்பதனால் ஒன்றைத் தள்ளலும் அக்குணங்களுக்கு முரணானவை. நம் இல்லங்களில் மூட்டு வலியால் இரவில் விழித்திருக்கும் தந்தையரும் பாட்டன்மாரும் உளர். அவர்க்கு அருவி நீரும் எண்ணெயும் போதும் என்று வாளா இராது, குருதியைச் சோதிக்க அழைத்துச் செல்லும் மாணாக்கர், தோரணமலைப் பெரியாரின் வழிநின்றவரேயாவர். அவ்வழி நிற்றலே அவருக்கு நாம் செய்யும் நன்றியாம்.